இரண்டாவது சேலை

1982 மே 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். விறகெல்லாம் ஈரம், அடுப்பு பிடிக்கவில்லை. அத்தை ஆலங்காயத்திலிருந்து கொண்டுவந்த பையைப் பிரித்தபோது பார்த்தேன். படையலுக்கு ஒரு சேலைக்குப் பதில் இரண்டு சேலை.

ஒன்று மஞ்சள். அது எப்போதும் வாங்குவது. இன்னொன்று அரக்கு, கறுப்புக் கரை.

எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்கள்தான் பூவாடைக்காரி. அவர்களைக் கும்பிடாமல் ஒரு நல்ல காரியமும் செய்யமாட்டார்கள். ஆளுக்கு ஒரு சேலை, ஓர் இலை. எங்கள் வீட்டில் அப்படிப் போனது அப்பாவின் தங்கச்சி மட்டும்தான். பிரசவத்தில். நான் பார்த்ததில்லை.

அரக்கு யாருக்கு? கேட்கவில்லை. அத்தை அதை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

மற்றபடி பையில்: வெல்லம், ஏலக்காய், வளையல் ஒரு டஜன், ரவிக்கைத் துணி, சீயக்காய், எனக்கு ரிப்பன். கல்யாணம் ஆகப்போகிறவளுக்கு எதற்கு ரிப்பன் என்று தெரியவில்லை. நன்றாக இருக்கிறது.

கறுப்புக் கோழி இன்றும் முட்டை இடவில்லை.

மே 13, வியாழன்

வெயில். மத்தியான பஸ் ரொம்ப லேட். அப்பா இரண்டு தரம் பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

எங்கள் டீக்கடை பஸ் நிற்கும் இடத்திலேயே இருப்பதால் யார் மலை ஏறினாலும் முதலில் எங்களுக்குத் தெரியும். இன்று ஒரு பெரியவர் இறங்கினார். குடை, தகரப் பெட்டி, கேன்வாஸ் ஷூ. பின்னால் ஒரு போலீஸ்காரர். பெரியவர் நேராக ஃபாரஸ்ட் பங்களாவுக்கு நடந்துவிட்டார். போலீஸ்காரர்தான் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவராம். வீட்டில் பேரனை வைத்துக்கொண்டு இருந்தவரை மறுபடி கூப்பிட்டு, முடியாமல் கிடக்கிற பழைய கேஸ்களை மட்டும் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்களாம். இந்த மலையில் இரண்டு கேஸ். ஒன்று, ஓடையில் செத்துக் கிடந்த ஃபாரஸ்ட் வாட்சர்.

"இன்னோண்ணு?" என்று யாரோ கேட்டார்கள்.

போலீஸ்காரர் அப்பாவைப் பார்த்தார். பிறகு டீயைக் குடித்தார்.

பெரியவருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் எங்கள் கடையிலிருந்துதான். சர்க்கரை வியாதி, டீயில் சர்க்கரை கூடாது, ராத்திரிக்குச் சோறு கூடாது. நான்தான் கேரியர் கொண்டுபோக வேண்டும். அப்பா சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் என்று ஒவ்வொரு தடவையும் எழுத முடியாது. இனி இன்ஸ்.

மே 14, வெள்ளி

கேரியர்: சாமைச் சோறு, கொள்ளு ரசம், கத்தரிக்காய். ஏறும்போது ரசம் கொஞ்சம் சிந்தியது.

இன்ஸ். ஒல்லியாக, வேட்டியில், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருக்கிறார். வராந்தாவில் உட்கார்ந்து காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பேர் கேட்டார். தனம் என்றேன். எத்தனாவது படிக்கிறாய் என்றார். ஏழோடு நின்றுவிட்டேன் என்றேன். அம்மா பேர் என்ன என்றார்.

கேரியர் அடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

"பச்சையம்மாள்தானே?" என்று அவரே சொன்னார்.

என் எதிரில் அந்தப் பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வீட்டில் 'அவ'. ஊரில் 'ஓடிப்போனவ'. அப்போதுதான் புரிந்தது, இரண்டாவது கேஸ் எங்கள் வீடு.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்போது எனக்கு ஐந்து வயது. ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் அத்தை வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா இல்லை. புளி ஏற்ற வந்த லாரிக்காரனோடு போய்விட்டாள் என்றார்கள். அத்தை அன்றைக்கு எங்களோடு வந்து தங்கியவள்தான், திரும்பிப் போகவில்லை.

கொஞ்ச நாள் ஒவ்வொரு லாரி ஏறும்போதும் ஓடிப்போய் டிரைவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அது ஊருக்கே வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைக் கண்டால் வாயாலேயே ஹாரன் அடிப்பார்கள். ஏழாவதில் ஒருநாள் புதிதாக வந்த வாத்தியாரும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தார். அதற்கப்புறம் போகவில்லை.

கேரியரை வாங்கிக்கொண்டு கீழே வந்தேன். இன்ஸ். என்ன கேட்டார் என்று அப்பா கேட்டார். உப்பு சரியாக இருக்கிறதென்றார், என்றேன்.

மே 15, சனி

இன்ஸ். குடையை ஊன்றிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுகிறார். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. பலா இந்த வருஷம் எப்படி, கிணறு எப்போது வெட்டியது, பழைய ரோடு எந்தப் பக்கம் போனது, இதெல்லாம் கேட்கிறார். ஜனங்கள் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். குறித்துக்கொள்வதும் இல்லை.

சாயங்காலம் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பின்னால் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

"சம்சாரத்தப் பத்தி ஏதாவது சேதி உண்டா?" என்றார். மழை வருமா என்று கேட்கிற மாதிரி.

அப்பா டீ ஆற்றிக்கொண்டே, "எங்க சார். லாரிக்காரனோட போனவ. எங்கனா நல்லாருந்தா சரி" என்றார். எப்போது யார் கேட்டாலும் இதே வார்த்தைதான், ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

புளி உடைக்கிற கோவிந்தன் மாமா, "அந்த லாரிக்காரன் குடுத்து வெச்சவன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்.

இன்ஸ். சிரிக்கவில்லை. டீயை வாங்கி ஒரு வாய் குடித்து, கிளாஸைப் பார்த்தார். மிச்சத்தையும் குடித்துவிட்டுப் போனார். கிளாஸைக் கழுவ எடுத்தபோது அடியில் சர்க்கரை. யாருக்கு எந்த டீ என்று அப்பா மறந்து நான் பார்த்ததே இல்லை.

மே 16, ஞாயிறு

மேகம். மழை இல்லை. ரவிக்கை அளவு கொடுத்தேன். கை இறுக்கமாக வேண்டுமா என்று டெய்லரக்கா கேட்டாள். தெரியவில்லை என்றேன். உனக்கு என்னதான் தெரியும் என்றாள்.

மத்தியானம் விறகு எடுக்க வீட்டின் பின்பக்கம் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அப்பாவும் அத்தையும்.

"இன்னாக்கா இது? யாரு வாங்கச் சொன்னா?"

"நான்தான் வாங்கனேன்."

"உள்ள வை. படையலுக்கு வர்றவன் பாத்தா இன்னா கேப்பான்? பங்களாவுல வேற ஒருத்தன் வந்து குந்திக்கினு கீறான்."

"இது பெரிய மனுஷி ஆனப்ப நீ வாணாம்னு சொன்னன்னுதான் வெக்கல. அந்த வருசமே மஞ்சக்காமாலையில கெடந்து பொழைக்குமா பொழைக்காதான்னு ஆச்சே, மறந்துட்டியா? தாலி கட்டிக்கினு போற பொண்ணுடா. அவளுக்கு வெக்காம நான் அனுப்பமாட்டேன்."

பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு அப்பா, மெதுவாக:

"மஞ்ச சேலைக்குள்ள வெச்சு மடி. ஒரே சேலையாட்டம் தெரியணும். எல போடாத."

விறகை அங்கேயே வைத்துவிட்டேன்.

உயிரோடு இருக்கிறவளுக்கு யாரும் சேலை வைத்துப் படைக்கமாட்டார்கள்.

சோறு குழைந்துபோனது. இன்ஸ்.க்கு அதையே கொண்டுபோனேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

மே 17, திங்கள்

நல்ல மழை. கடையில் கூட்டம். ஒன்றும் எழுத முடியவில்லை.

அப்பா எனக்கென்று முதல் பாலில் டீ போட்டுக் கொடுத்தார், எப்போதும் போல. என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. இன்னொரு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. காமாலை வந்தபோது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்கினார், பஸ் இல்லாத நாள். அவர் கழுத்து வியர்வை வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவர் கையைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். டீ ஆறிப்போனது.

மே 18, செவ்வாய்

மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தாள். என் முடியை அவிழ்த்துப் பார்த்தாள். பல்லைப் பார்த்தாள். "பொண்ணு வாயே தொறக்காதா?" என்றாள். அத்தை, அடக்கமான பெண் என்றாள். "அடக்கமா இருந்தா சரி. அம்மாளாட்டம் இல்லாம இருந்தா எனக்கு அது போதும்." அத்தை தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் பங்களா. இன்ஸ். என் கையில் மஞ்சள் பூசியிருப்பதைப் பார்த்துக் கல்யாணமா என்றார். வயது கேட்டார். பதினெட்டு என்று சொல்லச் சொல்லியிருக்கிறாள் அத்தை. பதினாறு என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

பிறகு அவராகவே பேசினார். கலசப்பாக்கம் பக்கத்தில் அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருக்கிறாராம். என் மாமா. எனக்கு அப்படி ஒருவர் இருப்பதே ஞாபகம் இல்லை. என் தங்கச்சி அப்படிப் போகிறவள் இல்லை, தேடுங்கள் என்று வருஷா வருஷம் மனு எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கிறாராம். ஓடிப்போனவளை எங்கே தேடுவது என்று யாரும் எடுக்கவில்லை.

"உங்கம்மா செத்துட்டாங்கன்னு எனக்குத் தோணுது. தோணி பிரயோசனமில்ல. உங்க வூட்டு ஆளுங்கள்ல ஒருத்தர் அதுக்கு அடையாளம் காட்டணும். இல்லன்னா சனிக்கெழம மொத பஸ்ல நான் கெளம்பணும். இதோட இந்தக் கேஸ மூடிடுவாங்க. அப்புறம் யாரும் எடுக்கமாட்டாங்க."

நான் கேரியர் மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

அவருக்கு மனைவி இல்லை. போன வருஷம் மகள் கல்யாணத்துக்குத்தான் முதல் தடவை மனைவிக்குச் சேலை வைத்துப் படைத்தார்களாம். அவருக்கும் ஊர் இந்தப் பக்கம்தான், வாணியம்பாடி தாண்டி. "கடையில போயி செத்தவளுக்குச் சேலை எடுக்கறது இருக்கே" என்றார். கேரியரை நீட்டினார்.

மே 19, புதன்

அதிரசம் சுட்டோம். முதல் ஈடு உடைந்துபோனது, பாகு பதம் தவறிவிட்டது. நானும் அத்தையும் மட்டும். அப்பா கடையில்.

அதிரசத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போது நினைத்தாலும் தெரியவில்லை.

"அத்த, அந்த அரக்குச் சேல யாருக்கு?"

அத்தை கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "கேக்காத" என்றாள்.

எண்ணெயில் கிடந்தது கருகியது. நான் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்கம்மா அவ அண்ணன் ஊர்த் திருவிழாவுக்குப் போவணும்னு சொன்னா. இவன் வாணாம்னான். சோறாக்கிக்கினே எதுத்துப் பேசிட்டா. இவன் கையில வெறகுக் கட்ட இருந்துச்சு. சாவடிக்கணும்னு அடிக்கலடி. ஒரே அடி."

"நீ பாத்தியா?"

"எனக்கு ஆள் அனுப்பனான். உன்ன இடுப்புல தூக்கிக்கினு ஏறி வந்தேன். நான் வர்றப்ப எல்லாம் முடிஞ்சிபோச்சு. லாரிப் பேச்ச அதுக்குள்ள அவனே ஊர்ல வுட்டுட்டான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவனையும் புடிச்சிக்கினு போயிருந்தா உனக்கு யாரு கீறா? சொல்லு. உனக்கு யாரு?"

அப்பா எங்கே புதைத்தார் என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கருகினதை எடுத்து வெளியே போட்டேன். இந்த வீட்டைச் சுற்றி நான் கால் வைக்காத இடம் இல்லை.

மிச்ச மாவையும் சுட்டு முடித்தோம். நாற்பது ஐம்பது இருக்கும். நன்றாக வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மே 20, வியாழன்

புழுக்கம். தலைவலி.

எத்தனை லாரியைப் பார்த்திருப்பேன். அம்மாவை எவ்வளவு திட்டியிருப்பேன், மனசுக்குள். என்னைத் தூக்கிக்கொண்டு போகாமல் தனியாகப் போனாளே என்று. அவள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. போட்டோவும் இல்லை. திட்டும்போது நெற்றி இல்லாத, வாய் இல்லாத ஒருத்தியைத்தான் திட்டினேன்.

சொன்னால்: அப்பா ஜெயிலுக்குப் போவார். தெரிந்தும் மறைத்ததற்கு அத்தையையும் கொண்டுபோவார்களோ என்னவோ. கல்யாணம் நிற்கும். வேறு யாரும் இந்த வீட்டில் பெண் எடுக்க வரமாட்டார்கள். கடை போகும்.

சொல்லாவிட்டால்: சனிக்கிழமை பஸ் போய்விடும். அம்மா ஓடிப்போனவள். சாகிற வரைக்கும், அவள்தான் செத்துவிட்டாளே, நான் சாகிற வரைக்கும்.

காலையில் அப்பா, நாளைக்குப் படையல், கடை கிடையாது, சாப்பாடு வராது என்று பங்களாவில் சொல்லிவிட்டு வா என்றார். இன்ஸ். என்ன கேட்டார் என்று இப்போதெல்லாம் இரண்டு தரம் கேட்கிறார். உப்பு என்றே நானும் சொல்கிறேன்.

வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். எங்கள் அம்மாவை எங்கள் அப்பா அடித்து. எங்கள் அப்பா. அதற்குமேல் ஓடவில்லை. அவர் கழுத்து வாசனைதான் வந்தது.

இன்ஸ். பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது இது:

"நாளைக்கு எங்க வூட்ல படையல். சாப்பாடு கொண்டார முடியாது. நீங்க வூட்டுக்கு வந்துதான் சாப்புடணும்."

"அப்பா வரச் சொன்னாரா?"

தலையை ஆட்டினேன்.

மடித்த துணியைக் கட்டிலில் வைத்தார். "பூவாடையா?"

அதற்கும் ஆமென்று தலையை ஆட்டினேன்.

"சரிம்மா, வர்றேன்."

இறங்கும்போது ஓடைக்கல்லில் கால் வழுக்கிவிட்டது. முட்டியில் நல்ல காயம். பாவாடையில் ரத்தம், ஊறவைத்திருக்கிறேன்.

மே 21, வெள்ளி

மேகமே இல்லை. விடியும் முன்னாலேயே கிணற்றுத் தண்ணீர், வீடு முழுக்கச் சாணம் மெழுகியது நான்தான். கீழே இருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவர் அம்மாவும் இன்னொரு பெண்ணும். கோவிந்தன் மாமா வாழை இலைக்கட்டு கொண்டுவந்தார். வந்தவர்களுக்கு ஜமுக்காளம் போதவில்லை, பாய் வாங்கி வந்தேன்.

நடுவீட்டில் தட்டு. மஞ்சள் சேலை மட்டும் தெரிந்தது. ஒரு சேலைக்கு அது ரொம்பத் தடிமன். யாரும் கவனிக்கவில்லை. வளையல், பூ, மஞ்சள், குங்குமம். முன்னால் ஒரே ஓர் இலை. சோறு, பாயசம், அதிரசம், வடை.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

அப்பா திரும்பிப் பார்த்தார். முதலில் அவரை, பிறகு என்னை. படையல் நேரத்தில் வாசலுக்கு வந்தவரைப் போ என்று சொல்லமுடியாது. சாப்பிடாமல் அனுப்பினால் பூவாடைக்காரிக்கு ஆகாது. எல்லோருக்கும் தெரியும். "வாங்க சார், குந்துங்க" என்றார் அப்பா. குரல் சரியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு, பெரிய அதிகாரியெல்லாம் வருகிறாரே என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவளுக்குச் சந்தோஷம்.

இன்ஸ். ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். ஒரே சேலை, ஒரே இலை. கையைக் கூப்பிக்கொண்டார்.

அப்பா கற்பூரம் ஏற்றினார். அத்தை, செத்துப்போன தங்கச்சி பேரைச் சொல்லி, "வந்து உக்காரும்மா, உன் பொண்ணாட்டம் நெனச்சி வாழ்த்தும்மா" என்றாள். அந்தப் பேரைச் சொன்னபிறகும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் இல்லாமல் இன்னொரு பேர் சொன்னாள். எனக்குத் தெரிந்தது.

அத்தனை பேர் எதிரில் நான் நடந்ததே இல்லை. எழுந்தேன். முட்டிக் காயம் பாவாடையில் ஒட்டிப் பிய்ந்தது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மஞ்சள் சேலையின் மடிப்பை விரித்தேன். அரக்குச் சேலையை வெளியே எடுத்தேன். அதற்கு வேறு தட்டு இல்லை. தரையில், மெழுகின இடத்தில் வைத்தேன். பூவில் பாதியைப் பிய்த்து அதன்மேல் வைத்தேன். குங்குமம் வைத்தேன்.

"தனம்" என்றாள் அத்தை. அவ்வளவுதான் சொன்னாள்.

அப்பா கற்பூரத் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, அது யாருக்கு என்று யாரையோ கேட்டாள். சுவரோரம் இன்ஸ். எழுந்து நிற்பது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கட்டிலிருந்து ஓர் இலை உருவினேன். தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். அரக்குச் சேலைக்கு முன்னால் போட்டு, சோறு வைத்தேன்.